நாலு பேர், ஐந்து வாக்குச்சீட்டு: செந்தூல் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பாக வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க உதவும் தொண்டர்களில் நானும் ஒருவன். கட்சி வேலை இல்லை. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. 2022 நவம்பர் 19 அன்று நடந்த 15ஆவது பொதுத் தேர்தலின்போது எங்கள் புளோக்கில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். அதில் என் தவறும் உண்டு. குடும்பத்தினர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

வீட்டில் நான்கு பேர். அப்பா, 61 வயது, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அம்மா, 57. மகள், 19 வயது, கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு பேரங்காடிக் கடையில் பகுதிநேர வேலை. அப்பாவின் தாயார், 80 வயதுப் பாட்டி. பேராக்கில் தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து 2016இல் இங்கே வந்தவர்கள். தோட்டம் கைமாறியது, லயன் வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) காலி செய்யச் சொன்னார்கள், ஒரு சொந்தக்காரர் இங்கே வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். எங்கள் புளோக்கில் பாதிப் பேரின் கதை இதுதான் என்பதால் நானும் பெரிதாக விசாரித்ததில்லை.

சட்டப் பின்னணியையும் சொல்லியாக வேண்டும். வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைத்து, வாக்காளர் பதிவைத் தானியங்கியாக்கிய அரசியலமைப்புத் திருத்தத்தை 2019 ஜூலை 16 அன்று மக்களவை ஏற்றது. ஆதரவாக 211 வாக்குகள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நடைமுறைக்கு வர இழுத்தடித்தது. இளைஞர்கள் சிலர் வழக்குப் போட்டு, 18 வயது வாக்குரிமையை அந்த ஆண்டு முடிவதற்குள் நடைமுறைப்படுத்தும்படி கூச்சிங் உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உத்தரவிட்ட பிறகு, டிசம்பர் 15 முதல் இரண்டுமே அமலுக்கு வந்தன. 2018 தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

தானியங்கிப் பதிவு என்றால் என்ன? 18 வயதான குடிமக்களின் விவரத்தைத் தேசியப் பதிவிலாகாவிலிருந்து தேர்தல் ஆணையம் எடுத்துக்கொள்கிறது. யாரும் பாரம் நிரப்ப வேண்டியதில்லை. எந்தத் தொகுதியில் பெயர் விழும் என்பதை ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள முகவரி முடிவு செய்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது சரியாக மனதில் வாங்கவில்லை.

முதல் சரிபார்ப்பு: ஆகஸ்ட் 2022

தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். மூன்று தொண்டர்கள், ஆளுக்கொரு கைப்பேசி, முப்பத்துச் சொச்சம் வீடுகள். ஆணையத்தின் தளத்தில் ஐசி எண்ணைத் தட்டினால் பெயர், வாக்களிக்கும் வட்டாரம், தொகுதி எல்லாம் வரும். எங்களிடம் இருந்த தாளில் ஒரே ஒரு கட்டம்: பெயர் இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை.

இந்த வீட்டில் அப்பா, அம்மா, மகள் மூவர் பெயரும் வந்தது. மூன்று ஆம் போட்டேன். பாட்டி உள்ளே படுத்திருந்தார். "அவுங்களுக்கு ஓட்டு இல்ல தம்பி" என்றார் அப்பா. வயதானவர், போக முடியாது என்று சொல்கிறார் போல என நினைத்து அடுத்த வீட்டுக்கு நடந்தேன். கிளம்பும்போது, "எல்லாருக்கும் பேர் இருக்கு, ஒன்னும் செய்ய வேண்டியதில்லை" என்றும் சொல்லிவிட்டு வந்தேன். இந்த நிகழ்வில் நான் செய்த முதல் தவறு அந்த வார்த்தைதான். இரண்டாவது, பாட்டியைப் பற்றிக் கேட்காமல் போனது.

தெரியவந்தது: அக்டோபர் 2022

அக்டோபர் 10 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. 20ஆம் தேதி, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, வாக்களிப்பு நவம்பர் 19 என்று ஆணையம் அறிவித்தது. அன்று மாலையே மகள் கீழே சங்க அறைக்கு வந்தாள். கையில் கைப்பேசி.

"அங்கிள், எனக்கு எங்க ஓட்டுன்னு பார்த்தேன். தெலுக் இந்தான்னு காட்டுது. நான் பதிமூனு வயசுல வந்துட்டேனே?"

அவளுடைய திரையைப் பார்த்தேன். நாடாளுமன்றத் தொகுதி தெலுக் இந்தான். அதற்குக் கீழே சட்டமன்றத் தொகுதி என்று ஒரு பெயர். கோலாலம்பூர்க்காரருக்கு அந்த வரியே இருக்கக்கூடாது, ஏனென்றால் கோலாலம்பூர் ஒரு மாநிலம் அல்ல, மத்திய அரசின்கீழ் உள்ள கூட்டரசுப் பிரதேசம்; அதற்குச் சட்டமன்றமே கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்பு இதே வரி என் கண் முன்னால் வந்து போயிருக்கிறது.

மேலே போய் மூன்று பேரையும் உட்காரவைத்து மறுபடி பார்த்தோம். முறுக்கு பிழிந்த எண்ணெய் வாசம் வீடு முழுக்க. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஐசியைக் கொடுத்தார். விவரம் இப்படி இருந்தது.

அப்பா 1990களில் தோட்டத்தில் இருந்தபோது பதிந்தவர். இங்கே வந்தபிறகு எதையும் மாற்றவில்லை. அவர் வாக்கு தெலுக் இந்தானில்.

அம்மா இங்கே வரும்வரை பதியவே இல்லை. 2017இல் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மேசை போட்டு வாக்காளர் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் பாரம் நிரப்பினால்தான் பதிவு. அந்த வருடம்தான் தொலைந்த ஐசிக்குப் பதிலாகப் புது ஐசி எடுத்து, முகவரியையும் செந்தூலுக்கு மாற்றியிருந்தார். ஆக அவர் வாக்கு இங்கே, 'பத்து' (Batu) என்ற பெயருள்ள நாடாளுமன்றத் தொகுதியில்.

மகள் 12 வயதில் தோட்டத்து முகவரியில் ஐசி எடுத்தவள். 18 வயதில் மாற்றப் போனபோது, முகப்பில் இருந்தவர் "முகவரி அதேதானே?" என்று கேட்க, தலையாட்டிவிட்டாள். பின்னால் வரிசை நீளம், மதியம் வகுப்பு. அந்தத் தலையாட்டல்தான் தானியங்கிப் பதிவில் அவளை 160 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தது.

அப்புறம் பாட்டி. இந்த முறை ஐசியைக் கேட்டு வாங்கினேன். சிவப்பு. நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு.

பாட்டியின் சிவப்பு ஐசி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாட்டி பிறந்தது இதே நாட்டில், அதே தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில். பிறப்பைப் பதிவு செய்ய ஆளும் இல்லை, அலுவலகமும் இல்லை என்பார். அவருக்குப் பின்னால், போர் முடிந்து 1948இல் பிறந்த தம்பிக்குப் பிறப்புப் பத்திரம் உண்டு, குடிமக்களுக்கான நீல ஐசியும் உண்டு.

சுதந்திரத்துக்கு முன் மலாயாவில் பிறந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற அரசியலமைப்பின் 16ஆவது விதி வழிவிடுகிறது. விண்ணப்பத்துக்கு முந்திய ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டாவது இங்கே வசித்திருக்க வேண்டும், நிரந்தரமாக இருக்கும் எண்ணம், நன்னடத்தை, மலாய்மொழியில் அடிப்படை அறிவு, இவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் இங்கே பிறந்ததைக் காட்டத் தாள் வேண்டும். பட்டணத்துக்குப் போய் வர நாள் வேண்டும். "அப்ப அரை நாள் போனா அரை நாள் சம்பளம் போச்சு. கங்காணிகிட்ட லீவு கேக்கவே பயம்" என்றார் பாட்டி. தாத்தா ஒருமுறை போய்த் தன் காரியத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். பாட்டி அடுத்த முறை என்று இருந்தார். அடுத்த முறை வரவே இல்லை.

1961இல் அவருக்குப் பிறந்த மகனுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமக்கள். ஒரே லயன் வீட்டில் பிறந்த தாய்க்குச் சிவப்பு, மகனுக்கு நீலம். நடுவில் இருந்தது ஒரு தேதி மட்டும்.

எடுத்த முடிவுகள்

முகவரி மாற்றம் இந்தத் தேர்தலுக்கு இனிச் செல்லாது. நாடாளுமன்றம் கலைந்த பிறகு பட்டியலில் இடம் மாற வழியில்லை. உள்நாட்டில் வேறு ஊரில் வசிக்கிறோம் என்ற காரணத்துக்காக அஞ்சல் வாக்கும் கிடையாது; அது வெளிநாட்டில் இருப்பவர்கள், பாதுகாப்புப் படை, தேர்தல் ஊழியர்கள், மருத்துவப் பணியாளர்கள், செய்தியாளர்கள் போன்றவர்களுக்கு. ஆகக் கேள்வி ஒன்றுதான்: தெலுக் இந்தானுக்குப் போவதா, வேண்டாமா?

பக்கத்து வீட்டு ஆள் ஒருவர், "ஐசி கையில இருக்குல்ல, இங்க ஸ்கூல்லயே போய்க் கேளுங்க, விடுவாங்க" என்று யோசனை சொன்னார். விடமாட்டார்கள். அந்த வாக்களிப்பு மையத்துப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் உண்டு. இதை நான் அழுத்திச் சொன்னேன். இல்லாவிட்டால் காலையில் இங்கே வரிசையில் நின்று திரும்பி, பேராக்குக்குப் போக நேரமும் இல்லாமல் இரண்டும் கெட்டிருக்கும்.

அப்பா போவதென்று உடனே சொல்லிவிட்டார். அவருக்கு அது பிறந்த ஊர். தீபாவளி முடிந்த கையோடு இன்னொரு சாக்கு. மகளுக்குத்தான் தயக்கம். போட்டியிடுபவர் ஒருவரையும் தெரியாது, அந்த ஊரின் பிரச்சினை எதுவும் தெரியாது, அங்கே போய் வாக்களிப்பது நியாயமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் பதில் சொல்லாமல், வேட்பாளர் பெயர்கள் வந்ததும் அவர்கள் பேசியதைக் கேட்டுப் பார், அப்புறம் முடிவு செய் என்று மட்டும் சொன்னேன். அவள் போக முடிவு செய்தது என் பேச்சால் அல்ல. "முதல் ஓட்டு, விட மனசில்ல" என்றாள்.

இடையில் வேலையிடத்துச் சிக்கல். நவம்பர் 19 சனிக்கிழமை. கடையில் கூட்டம் அதிகம். மேலாளர் இரண்டு மணி நேரம் விடுப்புத் தருவதாகச் சொன்னார். 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, வாக்களிக்க நியாயமான அவகாசத்தை முதலாளி சம்பளப் பிடித்தமின்றித் தரவேண்டும் என்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. பக்கத்துப் பள்ளியில் வாக்கு உள்ளவருக்கு இரண்டு மணி நேரம் தாராளம். 160 கிலோமீட்டர் தள்ளி வாக்கு உள்ளவருக்குப் பேருந்து ஏறவே போதாது. சட்டத்தை எடுத்துக் காட்டி எழுதலாமா என்று யோசித்தோம். அவள் வேண்டாம் என்றாள். வேலை அவளுக்கு அவசியம். சக ஊழியர் ஒருவரோடு ஷிப்டை மாற்றிக்கொண்டாள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் வேலை போனால் நானா சம்பளம் தரப்போகிறேன்?

பாட்டியை யார் பார்த்துக்கொள்வது என்பது கடைசிக் கேள்வி. அம்மா வாக்கு இங்கேயே என்பதால் அது தானாகத் தீர்ந்தது. அம்மாவின் பெயரும் பேராக்கில் இருந்திருந்தால் மூவரில் ஒருவர் வாக்களிக்காமல் தங்கியிருக்க வேண்டும்.

வாக்களிப்பு நாள்

அப்பாவும் மகளும் வெள்ளிக்கிழமை மாலையே பேருந்தில் கிளம்பி, சித்தப்பா வீட்டில் தங்கினார்கள். இருவருக்கும் போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 120 வெள்ளி (ரிங்கிட்) ஆனது.

இங்கே செந்தூலில் அம்மா காலை எட்டரைக்குக் கிளம்பினார். பாட்டியும் வருவேன் என்று பிடிவாதம். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா பார்க்கிறேனே" என்றார். பள்ளி வாசலுக்கு வெளியே, மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். நான் கூட இருந்தேன்.

வாக்களிப்பு அறைகளைச் சாலூரான் என்பார்கள். வயதுப்படி பிரித்திருப்பார்கள்; மூத்தவர்கள் முதல் சாலூரானில், இளையவர்கள் கடைசியில். அம்மாவுக்கு மூன்றாவது. முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். உள்ளே நடந்ததைச் சொன்னார்: முதல் மேசையில் ஐசியைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள், கட்சி முகவர்கள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள், அடுத்த மேசையில் இடது ஆள்காட்டி விரலில் மை, மூன்றாவது மேசையில் வாக்குச்சீட்டு. "எம்மாம் நீளம் தெரியுமா? பத்துப் பேரு!" பத்துத் தொகுதியில் அந்தத் தேர்தலில் பத்து வேட்பாளர்கள். பத்துக்குப் பத்து என்று எங்கள் பக்கம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாட்டி மருமகளின் கையை வாங்கி, விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டை விரலால் நகத்தை ஒரு தேய் தேய்த்தார். பிறகு தன் விரலைத் திருப்பிப் பார்த்தார், ஒட்டியிருக்கிறதா என்று. ஈரம் காய்ந்திருந்தது. ஒன்றும் ஒட்டவில்லை.

மகள் மத்தியானம் தொலைபேசியில் பேசினாள். அவளுக்குக் கடைசிச் சாலூரான்; ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசை. அப்பாவுக்கு இரண்டாவது, இருபது நிமிடம். "எனக்கு ரெண்டு பேப்பர் குடுத்தாங்க அங்கிள். ஒன்னு பார்லிமெண்டு, ஒன்னு சட்டமன்றம்." பேராக், பெர்லிஸ், பகாங் மாநிலங்களில் அன்றைக்கே சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. நாடாளுமன்றத்துக்கு யாரென்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தாளாம். சட்டமன்ற வேட்பாளர்களைப் பார்க்கவே மறந்துவிட்டாளாம். மறைப்புக்குள் நின்று சின்னங்களைப் பார்த்துத்தான் தீர்மானித்தாள். அதை என்னிடம் சொல்ல அவளுக்கு வெட்கம். மறுபடி அங்கே வராதவள், அந்த ஊர்ச் சாக்கடையையும் நிலத்தையும் பார்க்கும் மன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தாள். செந்தூலில் தினமும் நடக்கிற அவளுக்குச் செந்தூலில் அன்று ஒரு சீட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரும் கூடியபோது பாட்டி கணக்குப் போட்டார். "அவனுக்கு ரெண்டு, இவளுக்கு ரெண்டு, உனக்கு ஒன்னு. எனக்குச் சைபர்." நாலு பேர், ஐந்து வாக்குச்சீட்டு.

பாட்டியின் கணக்கு எவ்வளவு சரி?

அந்த இரவுப் பேச்சுக்குப் பிறகு நான் உட்கார்ந்து விவரம் தேடினேன். குடும்பத்துக்கு விளக்கவும் வேண்டியிருந்தது.

கோலாலம்பூருக்கு மக்களவையில் 222 இடங்களில் 11 உண்டு. அதோடு சரி. 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம். அதற்கு முன் சிலாங்கூரின் பகுதியாக இருந்தபோது சட்டமன்ற வாக்கு இருந்தது. மாநகர மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். எப்போதும் இப்படி இல்லை: 1952இல் கோலாலம்பூர் நகராட்சிக்குத் தேர்தல் நடந்திருக்கிறது. அதற்குச் சில வாரம் முன்னால், 1951 டிசம்பரில், பினாங்கு ஜார்ஜ்டவுனில். கோலாலம்பூரில் 1960ஆம் ஆண்டின் தலைநகர்ச் சட்டத்தோடு நகராட்சித் தேர்தல் முடிவுக்கு வந்தது. மற்ற ஊர்களில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் நிறுத்திவைத்தார்கள். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்திவிட்டது. ஆக, தெலுக் இந்தான்காரருக்கு நகராண்மைக்கழக வாக்கு இல்லை, நமக்கு அதுவும் இல்லை, சட்டமன்றமும் இல்லை.

இன்னொரு சமனின்மையும் உண்டு, அது சீட்டை எண்ணினால் தெரியாது. 2022இல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர். சரவாக்கின் இகானில் 28,000 சொச்சம். இரண்டும் அனுப்புவது ஒரே ஓர் உறுப்பினரை. 1957 அரசியலமைப்பு, தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்றது. 1962இல் அதைத் தளர்த்தி, கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவு இருக்கலாம் என்றார்கள். 1973இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஆற்றுவழிப் பயணமே கதியான பெரிய நிலப்பரப்புத் தொகுதிகளுக்குக் கொஞ்சம் சலுகை நியாயம்தான் என்பது என் கருத்து. பத்து மடங்கைச் சலுகை என்று சொல்ல வாய் வரவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் கவனமாகக் கேட்டார். அதனால் வந்த விளைவு நான் எதிர்பாராதது.

பிறகு: 2023 முதல்

ஜனவரி 2023இல் அப்பாவையும் மகளையும் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போனேன். முகவரி மாறினால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் ஆறு வருடம் கடந்திருந்தார்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாம் கொண்டுபோனோம். இரண்டு பேர் ஐசியும் செந்தூல் முகவரிக்கு மாறியது.

ஐசியில் முகவரியை மாற்றிவிட்டால் வாக்கும் கூடவே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. முதல் பதிவு மட்டும்தான் தானியங்கி. அதற்குப் பிறகு இடம் மாற வேண்டுமானால் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; இணையத்திலேயே செய்யலாம். மகள் அன்று இரவே விண்ணப்பித்தாள். துணை வாக்காளர் பட்டியல் வெளியானபோது அவள் பெயர் பத்துத் தொகுதியில் இருந்தது.

அப்பா விண்ணப்பிக்கவில்லை. "மாத்தினா ஒரு சீட்டுக் குறையுமே தம்பி. நீங்கதான சொன்னீங்க, இங்க சட்டமன்றம் இல்லன்னு?" அதோடு, அங்கே வாக்காளர் குறைவு, தன் வாக்குக்கு அங்கே எடை அதிகம் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் சொன்னதை வைத்தே என்னை மடக்கிவிட்டார். வசிக்கிற தொகுதியில் வாக்களிப்பதுதான் அரசியலமைப்பின் 119ஆவது விதி நினைக்கிற முறை என்று விளக்கினேன். கால் வலி வேறு கூடிக்கொண்டே போகிறது, அடுத்த முறை பேருந்து ஏற முடியுமா என்றும் கேட்டேன். பார்க்கலாம் என்றார். மூன்று முறை பேசினேன். நான்காவது முறை பேசவில்லை. அது அவர் முடிவு.

2023 ஆகஸ்ட் 12 அன்று சிலாங்கூர், பினாங்கு உட்பட ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அம்மாவின் தங்கை பத்துமலைப் பக்கம் இருக்கிறார். எங்கள் குடியிருப்பிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் அது சிலாங்கூர். மறுநாள் அவர் மை விரலோடு வந்து போனார். இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

பாட்டிக்கு 16ஆவது விதியின்கீழ் விண்ணப்பிப்பதென்று முடிவு செய்தோம். "எண்பது வயசுல எனக்கு எதுக்கு" என்றுதான் முதலில் சொன்னார். பேத்திதான் பேசிச் சம்மதிக்கவைத்தாள். தாள் தேடுவதற்கு ஐந்து மாதம் ஆனது. தோட்ட அலுவலகமே இல்லை. செக்ரோல் புத்தகங்கள் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடுகள்) எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் உதவியவை மூன்று: தம்பியின் பிறப்புப் பத்திரம் (அதில் அதே தாய் தகப்பன் பெயரும் அதே தோட்டமும்); பாட்டி இரண்டாண்டு படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி (பெயர் வேறு எழுத்தில்); தம்பியும் இன்னொரு முதியவரும் கொடுத்த சத்தியப் பிரமாணம். பெயரின் எழுத்து வித்தியாசத்துக்குத் தனியாக ஒரு பிரமாணம் வேண்டியிருந்தது.

நேர்காணலில் அதிகாரி மலாயில் கேட்டார்: எங்கே பிறந்தீர்கள், எத்தனை பிள்ளைகள், காலையில் என்ன செய்வீர்கள்? பாட்டி தோட்டத்து மலாயில் தயங்காமல் பதில் சொன்னார்; நாற்பது வருடம் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணியோடு பேசிய மலாய் அது. அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தை ஏற்று ரசீது கொடுத்தார்கள். இதை எழுதும்வரை முடிவு வரவில்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

எங்கள் சரிபார்ப்புத் தாளில் இப்போது முதல் கட்டம் ஐசியின் நிறம். வீட்டில் உள்ள எல்லோரையும் எழுதுகிறோம், வாக்கு இல்லை என்று சொல்லப்படுகிறவர்களையும் சேர்த்துத்தான். அப்படிக் கேட்டதில் எங்கள் புளோக்கிலேயே இன்னும் இரண்டு சிவப்பு ஐசிகள் வெளியே வந்தன.

பெயர் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பக்கத்தில், சட்டமன்றத் தொகுதி ஏதாவது காட்டுகிறதா என்று ஒரு கட்டம் சேர்த்தோம். கோலாலம்பூரில் குடியிருப்பவருக்கு அங்கே பெயர் வந்தால் அவர் வாக்கு வேறு ஊரில் இருக்கிறது. வேறு எதையும் படிக்கத் தெரியாத தொண்டருக்கும் அது புரியும். 17 வயதுப் பிள்ளைகளுக்கு, 18இல் ஐசி மாற்றப் போகும்போது "முகவரி அதேதானே" என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லும்படி முன்னதாகவே நினைவூட்டுகிறோம். சரிபார்ப்பையும் தேர்தல் பேச்சு கிளம்பும்வரை காத்திராமல் ஆண்டுக்கு இருமுறை வைத்துக்கொள்கிறோம்.

முதலாளிகளுக்கான கடிதம்தான் இன்னும் சரியாக அமையவில்லை. 25ஆவது பிரிவைச் சொல்லி, வெளியூரில் வாக்கு உள்ள ஊழியருக்குப் பயண நேரத்தையும் கணக்கிடுமாறு கேட்டு ஒரு மாதிரிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிந்தவர் இதுவரை ஒருவர்தான்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தொண்டர் ஒருவர் இந்த வீட்டுத் தாளைப் பார்த்தார். அப்பாவின் வரியில் இன்னும் தெலுக் இந்தான் இருக்கிறது. பாட்டியின் வரியில் சிவப்பு என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி. இந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கடிதம் வந்தால் எழுத இடம் வேண்டும்.